‘சேஃப்டி டிரெய்னிங்’கா, ‘சேஃப் டிரெய்னிங்’கா?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கும் வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் நிறுவனமும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தவர், பிறகு அஞ்சல்வழியில் பி.காம். பையர்களுக்கு மெயில் எழுதுவது, ஆடிட்டுக்கான பாலிசி ஃபைல் தயாரிப்பது, கேட்டலாக் வரிகள் எழுதுவது எல்லாம் இவர் பொறுப்பு. அண்மையில் புதிதாக வந்த ஜெனரல் மேனேஜர், “ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் பெயரடைதான் வர வேண்டும். இரண்டு பெயர்ச்சொல்லை அடுத்தடுத்து வைப்பது நம்மூர் இங்கிலீஷ்” என்று சொல்லி, ஃபைல் முழுவதையும் சிவப்பு மையில் திருத்திவிட்டார். ‘சேஃப்டி டிரெய்னிங்’ என்றிருந்தது ‘சேஃப் டிரெய்னிங்’ ஆனது. ‘குவாலிட்டி ரிப்போர்ட்’ ‘குவாலிட்டேட்டிவ் ரிப்போர்ட்’ ஆனது. ‘புரொடக்‌ஷன் மேனேஜர்’ ‘புரொடக்டிவ் மேனேஜர்’ ஆனார். ‘என்விரான்மென்ட் பாலிசி’ ‘என்விரான்மென்டல் பாலிசி’ என்றும், ‘ஜெர்மனி பையர்’ ‘ஜெர்மன் பையர்’ என்றும், ‘சில்க் ஃபினிஷ்’ ‘சில்கி ஃபினிஷ்’ என்றும் மாறின. ஃபைலைப் பார்த்த ஆடிட்டர், “சேஃப் டிரெய்னிங் என்றால், ஆபத்தான டிரெய்னிங்கும் தனியாக நடத்துகிறீர்களா?” என்று கேட்டிருக்கிறார். மேனேஜர் சிரித்துச் சமாளித்துவிட்டாராம். வாசகிக்குத்தான் அன்றிரவு தூக்கம் போனது.

அவர் கேட்பவை மூன்று. எப்போது பெயர்ச்சொல், எப்போது பெயரடை என்று சொல்ல ஒரே விதி உண்டா? தமிழ்வழியில் படித்ததால்தான் தனக்கு இது பிடிபடவில்லையா? மேனேஜரிடம் இதை எப்படி எடுத்துச் சொல்வது?

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் பட்டியலிட்ட ஆறு திருத்தங்களில் முதல் மூன்றும் தவறு. ‘ஜெர்மன் பையர்’ சரியான திருத்தம். ‘என்விரான்மென்டல் பாலிசி’ இருந்தாலும் சரி, பழையபடி விட்டிருந்தாலும் சரி. ‘சில்கி ஃபினிஷ்’ இலக்கணத்தில் குற்றமில்லை, வியாபாரத்தில் ஆபத்து. ஆகவே உங்கள் மேனேஜருக்கு ஆங்கிலம் தெரியாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எங்கோ படித்த ஒரு விதியை எல்லா இடத்திலும் பூட்டப் பார்க்கிறார், சிக்கல் அதுதான்.

பெயர்ச்சொல்லுக்கு முன் பெயர்ச்சொல் வருவது நம்மூர் வழக்கம் என்பது முதலில் கழற்றி வைக்க வேண்டிய எண்ணம். ஸ்டோன் வால், டீ கப், சிக்கன் சூப், ஃபயர் என்ஜின் எல்லாம் லண்டனிலும் அப்படித்தான். ஐ.நா.வின் உலக சுகாதார நிறுவனம் ‘வேர்ல்ட் ஹெல்த் ஆர்கனைசேஷன்’. அதில் மூன்றுமே பெயர்ச்சொற்கள். 1948லிருந்து யாரும் அதை ‘ஹெல்த்தி ஆர்கனைசேஷன்’ என்று திருத்தவில்லை.

உங்கள் தமிழே உதவும் இடம்

தமிழ்வழியில் படித்தது இந்த விஷயத்தில் உங்களுக்குப் பலம். பத்தாம் வகுப்பில் தொகைநிலைத் தொடரை மனப்பாடம் செய்திருப்பீர்கள். ‘பொற்குடம்’ என்றால் பொன்னால் ஆகிய குடம், மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ‘தண்ணீர்க்குடம்’ தண்ணீரை உடைய குடம், அது இரண்டாம் வேற்றுமை. ‘செந்தாமரை’ மட்டும் செம்மை ஆகிய தாமரை என்று விரியும், பண்புத்தொகை. தேர்வு எழுதியதோடு மறந்துபோன அந்தப் பாடத்தை இப்போது கொஞ்சம் தூசி தட்டுங்கள்.

ஆங்கிலத் தொடரைத் தமிழில் விரித்துப் பாருங்கள். ‘காட்டன் டி-ஷர்ட்’ பருத்தியால் ஆன சட்டை. ‘வாட்டர் பாட்டில்’ தண்ணீரை உடைய பாட்டில். ‘சேஃப்டி டிரெய்னிங்’ பாதுகாப்புக்கான பயிற்சி. ஆல், ஐ, கு என்று ஏதோ ஒரு வேற்றுமை உருபு உள்ளே ஒளிந்திருந்தால், ஆங்கிலத்தில் அங்கே பெரும்பாலும் பெயர்ச்சொல் நிற்கும். வெறும் ‘ஆன’ போட்டு, இந்தப் பொருள் எப்படிப்பட்டது என்று சொல்ல முடிந்தால் அது பெயரடையின் இடம். பாதுகாப்புக்கான பயிற்சி வேறு, பாதுகாப்பான பயிற்சி வேறு என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலாவதில் தீயணைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். இரண்டாவதில், கற்கும்போது யாருக்கும் அடிபடவில்லை. ஆடிட்டர் கேட்ட கேள்வி அந்த ‘ஆன’விலிருந்து வந்தது.

‘குவாலிட்டேட்டிவ் ரிப்போர்ட்’ இன்னும் மோசம். தரத்தைப் பற்றிய அறிக்கையைத் தரமான அறிக்கை என்று மாற்றியிருந்தால்கூட ஒரு பெருமையாகப் போயிருக்கும். ‘குவாலிட்டேட்டிவ்’ என்பதற்கு ஆய்வு மொழியில் எண்ணிக்கையை விட்டுவிட்டுத் தன்மையை மட்டும் சொல்வது என்று பொருள். உங்கள் ரிப்போர்ட்டோ ஏக்யூஎல் (எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்ற வரம்பு) 2.5, இத்தனை பீஸ் எடுத்தோம், இத்தனை மேஜர் டிஃபெக்ட், இத்தனை மைனர் என்று எண்களாலேயே நிரம்பியது. தலைப்பு உள்ளடக்கத்துக்கு நேரெதிராகப் போய்விட்டது. ‘புரொடக்டிவ் மேனேஜர்’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது நிறைய வேலை முடிக்கிறவர் என்ற பாராட்டு. விசிட்டிங் கார்டில் போட்டால் மற்ற மேனேஜர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

மேனேஜருக்குச் சொல்ல ஒரு எளிய உதாரணம் வேண்டுமென்றால் ‘பியூட்டி பார்லர்’ இருக்கிறது. அவர் விதிப்படி அது ‘பியூட்டிஃபுல் பார்லர்’ ஆக வேண்டும். அப்படி ஆனால் கடைதான் அழகாக இருக்கும், உள்ளே போகிறவர்களுக்கு உத்தரவாதம் இல்லை.

இந்தச் சோதனை எங்கே உதவாது

இதோடு முடிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் ‘எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர்’ என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரமான பொறியாளர் என்று யாரும் விரிக்க மாட்டோம், மின்சாரத் துறைக்கான பொறியாளர்தான். அப்படியானால் ‘எலெக்ட்ரிசிட்டி இன்ஜினியர்’ என்றல்லவா வர வேண்டும்? வராது. ‘மெடிக்கல் காலேஜ்’, ‘கிரிமினல் லாயர்’, ‘மியூசிக்கல் இன்ஸ்ட்ருமென்ட்’, ‘டென்டல் கிளினிக்’ எல்லாம் இதே வகை. உருவத்தில் பெயரடை, செய்யும் வேலையோ பெயர்ச்சொல்லின் வேலை. பொருள் எப்படிப்பட்டது என்று இவை சொல்வதில்லை, எந்த வகை என்று மட்டும் சொல்கின்றன.

இவற்றை அடையாளம் காண ஒரு சின்ன வழி உண்டு. முன்னால் ‘வெரி’ சேர்த்துப் பாருங்கள். ‘வெரி சேஃப் மெஷின்’ சரியாக வருகிறது. ‘வெரி எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர்’ வரவில்லை. ‘தட் இன்ஜினியர் ஈஸ் எலெக்ட்ரிக்கல்’ என்று வாக்கியத்தின் முடிவுக்குத் தள்ளினாலும் உதைக்கும். ‘கிரிமினல் லாயர்’ மட்டும் இரண்டு பக்கமும் ஓடும் என்பதால்தான் வக்கீல்களைப் பற்றி அத்தனை ஜோக்குகள்.

இதற்குப் பின்னால் ஆங்கிலத்தின் வரலாறு இருக்கிறது. பல், சூரியன், மனம், நகரம் போன்றவற்றுக்கு டூத், சன், மைண்ட், சிட்டி என்று பெயர்ச்சொல் ஒன்று. அவற்றின் பெயரடையாக நிற்கும் டென்டல், சோலார், மென்டல், அர்பன் எல்லாம் லத்தீனிலிருந்து வந்தவை. ஆகவே ஒரே பொருளுக்கு இரண்டு குடும்பச் சொற்கள் அருகருகே புழங்குகின்றன. எது எங்கே என்பதற்குத் தர்க்கம் தேடினால் தலைவலிதான் மிச்சம். சட்டம் படிப்பவர் ‘லா ஸ்டூடன்ட்’, மருத்துவம் படிப்பவர் ‘மெடிக்கல் ஸ்டூடன்ட்’. சென்னையில் இருப்பது அம்பேத்கர் ‘லா’ யுனிவர்சிட்டி. ஏழைகளுக்கு வக்கீல் அமர்த்தித் தருவது ‘லீகல்’ சர்வீசஸ் அத்தாரிட்டி. கோயம்புத்தூரில் ‘அக்ரிகல்ச்சுரல்’ யுனிவர்சிட்டி, ஆனால் அரசுத் துறை ‘அக்ரிகல்ச்சர்’ டிபார்ட்மென்ட். மாதக் கட்டணம் ‘எலெக்ட்ரிசிட்டி பில்’, கை வைத்தால் அடிப்பது ‘எலெக்ட்ரிக் ஷாக்’. இவற்றை ஜோடி ஜோடியாகக் கேட்டுப் பழகுவதைத் தவிர வழியில்லை. ஆங்கிலேயர்களும் பள்ளியில் விதி படித்து இதைக் கற்பதில்லை.

‘என்விரான்மென்ட் பாலிசி’ இந்த மங்கலான எல்லையில் இருக்கிறது. ஐ.நா. 1972இல் தொடங்கிய அமைப்பு ‘என்விரான்மென்ட் புரோகிராம்’. அமெரிக்கா 1970இல் தொடங்கியது ‘என்விரான்மென்டல் புரொடெக்‌ஷன் ஏஜென்சி’. இரண்டும் நல்ல ஆங்கிலம். மேனேஜருக்குப் பெயரடை பிடித்திருந்தால் இதில் விட்டுக்கொடுங்கள்.

ஆனால் நீங்கள் அனுப்பிய பக்கங்களில் ஒரு இடம் என்னைத் திடுக்கிட வைத்தது. 1986ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தின் பெயரையும் அவர் ‘என்விரான்மென்டல் புரொடெக்‌ஷன் ஆக்ட்’ என்று திருத்தியிருக்கிறார். சட்டத்தின் பெயர் ‘என்விரான்மென்ட் (புரொடெக்‌ஷன்) ஆக்ட், 1986’. சட்டம், சான்றிதழ், வாரியம் போன்றவற்றின் பெயர்களில் இலக்கணம் பார்க்க நமக்கு உரிமையில்லை, அச்சில் இருப்பதை அப்படியே எடுத்துப் போட வேண்டும். ஆடிட் ஃபைலில் சட்டத்தின் பெயர் பிசகியிருந்தால், சட்டத்தையே படித்ததில்லை போலிருக்கிறது என்ற எண்ணம் வரும். உடனே மாற்றுங்கள்.

சொல் மாறினால் பொருளே மாறும் ஜோடிகள்

உங்கள் ஃபைலில் முதலுதவிப் பலகைக்கான பக்கமும் இருக்கிறது. அதில் ‘ஹார்ட் அட்டாக்’ என்ற தலைப்பின் மேல் சிவப்பு மையில் ‘கார்டியாக்?’ என்று கேள்விக்குறி. தயவுசெய்து தொடாதீர்கள். ஹார்ட் அட்டாக் என்பது இதயத் தசைக்குப் போகும் ரத்தம் தடைபடுவது. ஆள் பெரும்பாலும் நினைவோடு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார். ‘கார்டியாக் அரெஸ்ட்’ என்பது இதயம் துடித்து ரத்தத்தை அனுப்புவதே நின்றுபோவது. ஆள் சரிந்துவிடுவார், அந்த நொடியே நெஞ்சை அழுத்தி சிபிஆர் தொடங்க வேண்டும். முதலாவது இரண்டாவதில் போய் முடியலாம், ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல. பெயரடை பார்க்க மரியாதையாக இருக்கிறது என்பதற்காக மாற்றினால், பலகையைப் படிப்பவர் தப்பான உதவியைச் செய்வார்.

உங்கள் தொழிலிலேயே ஒன்று: ‘வூல்’, ‘வூலன்’. பொதுப் பேச்சில் இரண்டும் கம்பளிதான். நூல் வியாபாரத்தில் ‘வூலன்’ என்றால் கார்டிங் (இழைகளைச் சிக்கெடுத்துப் பிரிப்பது) முறையில் வந்த கம்பளி நூல், கோம்பிங் (சீப்பால் வாரி குட்டை இழைகளை நீக்குவது) செய்ததற்கு ‘வொர்ஸ்டட்’ என்று பெயர். காட்டனில் கார்டட், கோம்ப்டு வித்தியாசம் தெரிந்த உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ‘வூல் பிளெண்ட்’ என்று பையர் எழுதியிருந்தால் அதை ‘வூலன்’ ஆக்காதீர்கள்.

‘சில்கி’ விஷயத்தில் கவனம்

பட்டு இல்லாத காட்டன் துணியை ‘சில்க் ஃபினிஷ்’ என்று எழுதுவது வாங்குபவரைக் குழப்பும், அதனால் ‘சில்கி’ என்று பெயரடையாக்கிவிட்டால் பாதுகாப்பு என்று மேனேஜர் நினைத்திருக்கிறார். நீங்களும் அதை ஒப்புக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். இலக்கணப்படி அது நல்ல யோசனை. ‘கோல்டு ரிங்’ தங்கத்தால் ஆனது, ‘கோல்டன் ஹேர்’ பொன்னிறம். அதே மாதிரி ‘சில்க் ஷர்ட்’ பட்டு, ‘சில்கி ஹேர்’ பட்டு போன்றது. தமிழ் இலக்கணத்தில் சொன்னால் வேற்றுமைத்தொகை உவமையாக மாறுகிறது.

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. உங்கள் சரக்கு போவது ஜெர்மனிக்கு. அங்கே செல்லுபடியாகும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 1007/2011 எண் ஜவுளி ஒழுங்குமுறையின் 5ஆம் பிரிவு, பட்டியலிட்ட இழைப் பெயர்களை வேறு இழைகளுக்குத் தனிச்சொல்லாகவோ, வேர்ச்சொல்லாகவோ, பெயரடையாகவோ பயன்படுத்தக் கூடாது என்கிறது. பெயரடை என்ற சொல்லே அந்தப் பிரிவில் இருக்கிறது. ‘சில்க்’ என்ற சொல்லைத் தொடர் இழை நூலின் வடிவத்தைக் குறிக்கப் பயன்படுத்தக் கூடாது என்று அதே பிரிவில் தனியாகவும் ஒரு வரி உண்டு. கேட்டலாகில் மெருகைப் பற்றி எழுதும் ஒரு விளம்பர வரிக்கு இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்று வழக்கறிஞர்கள் வாதாடலாம். அந்த வாதத்துக்கான செலவை உங்கள் கம்பெனி ஏன் ஏற்க வேண்டும்? ‘ஸ்மூத் ஃபினிஷ்’, ‘சாஃப்ட் டச்’ என்று எழுதிவிட்டு, பையரின் கம்ப்ளையன்ஸ் டீமிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். ஹேங்டேகில் (துணியில் தொங்கவிடும் அட்டையில்) ஏற்கெனவே ‘சில்க்’, ‘சில்கி’ என்று அச்சாகியிருந்தால் ஷிப்மென்ட்டுக்கு முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது.

நாடும் மக்களும்

‘ஜெர்மனி பையர்’ நம் அலுவலகப் பேச்சு. மெயிலில் ‘ஜெர்மன் பையர்’, ‘டேனிஷ் பையர்’ என்பதே வழக்கு. நாட்டுப் பெயருக்குப் பெயரடை இருக்கும்போது ஆங்கிலம் பெரும்பாலும் அதைத்தான் எடுக்கும். விளையாட்டில் மட்டும் கதை வேறு. இயான் மோர்கன் டப்ளினில் பிறந்தவர், அயர்லாந்துக்காகவும் ஆடியவர். 2019இல் உலகக் கோப்பையை வாங்கும்போது அவர் ‘இங்கிலாந்து கேப்டன்’. அவரை ‘இங்கிலீஷ் கேப்டன்’ என்றால் பிறப்பைப் பற்றிப் பேசுவதாக ஆகும். பெயர்ச்சொல் அணியைச் சுட்டுகிறது, பெயரடை ஆளைச் சுட்டுகிறது.

மனிதர்களையும் கட்சிகளையும் பற்றி எழுதும்போது இதில் மரியாதையும் கலந்திருக்கிறது. அமெரிக்காவில் டெமாக்ரட்டிக் கட்சியை எதிர்க்கட்சியினர் வேண்டுமென்றே ‘டெமாக்ரட் பார்ட்டி’ என்று வாலை வெட்டிச் சொல்வது பழைய சீண்டல். 2007 ஜனவரியில் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷுக்கு எழுதித் தரப்பட்ட உரையில் ‘டெமாக்ரட்டிக் மெஜாரிட்டி’ என்றிருக்க, அவர் ‘டெமாக்ரட் மெஜாரிட்டி’ என்று வாசித்தது அங்கே செய்தியானது. அமெரிக்க பையருக்கு மெயில் போடும்போது அரசியல் பேச மாட்டீர்கள்தான், இருந்தாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருமை, பன்மை பற்றியும் ஒரு வார்த்தை. முன்னால் நிற்கும் பெயர்ச்சொல் பெரும்பாலும் ஒருமையில்தான் நிற்கும்: ‘கார்மென்ட் ஃபேக்டரி’. நாம் எல்லோரும் சொல்லும் ‘கார்மென்ட்ஸ் ஃபேக்டரி’யில் அந்த ‘ஸ்’ தேவையில்லை. கஸ்டம்ஸ், கூட்ஸ், ஸ்போர்ட்ஸ், சேவிங்ஸ் போன்றவை விதிவிலக்கு. உங்கள் ஃபைலில் ‘உமன் ஒர்க்கர்ஸ்’ என்று மூன்று இடத்தில் இருக்கிறது, அது ‘விமன் ஒர்க்கர்ஸ்’. இதுபோன்ற ஒரு சில சொற்களுக்கு இரண்டு பக்கமும் பன்மை வேண்டும்.

மேனேஜரிடம் எப்படிப் பேசுவது

நேரில் போய் “சார், நீங்கள் திருத்தியது தப்பு” என்று சொன்னால் வேலை கெடும். அவர் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. உங்கள் ஃபைலில் ‘எஃப்ளுவன்ட் டிரீட்மென்ட் பிளான்ட் ஆபரேட்டர் சேஃப்டி டிரெய்னிங் ரெக்கார்ட்’ என்று ஏழு பெயர்ச்சொற்கள் ரயில் பெட்டி மாதிரி போகும் ஒரு தலைப்பு இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அவருக்கு எரிச்சல் வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். இவ்வளவு நீளமானால் பின்னாலிருந்து பிரித்து, நடுவில் ‘ஆஃப்’, ‘ஃபார்’ போட்டுக் கட்டுங்கள்: ‘ரெக்கார்ட் ஆஃப் சேஃப்டி டிரெய்னிங் ஃபார் இடிபி ஆபரேட்டர்ஸ்’ (எஃப்ளுவன்ட் டிரீட்மென்ட் பிளான்ட், அதாவது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், என்பதன் சுருக்கம் இடிபி). ‘நியூ ஒர்க்கர் டிரெய்னிங்’ போன்ற இடத்தில், புதியது தொழிலாளியா பயிற்சியா என்பது தெரியாது. ‘டிரெய்னிங் ஃபார் நியூ ஒர்க்கர்ஸ்’ என்றால் சந்தேகமே இல்லை. இந்தத் திருத்தங்களை நீங்களே செய்து, அவர் சொன்னபின் கவனித்ததாகச் சொல்லிக் கொடுங்கள். அது உண்மையும்கூட.

மற்ற மூன்று தவறுகளுக்கு இலக்கண வாதம் வேண்டாம். பையர் அனுப்பிய கோட் ஆஃப் கண்டக்டைத் திறந்து, அதில் ‘சேஃப்டி டிரெய்னிங்’, ‘குவாலிட்டி’, ‘புரொடக்‌ஷன்’ எப்படி வந்திருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். “பையர் பயன்படுத்தும் சொல்லையே நாமும் பயன்படுத்தினால் ஆடிட்டில் கேள்வி வராது” என்று ஒரே வரியில் மெயில் போடுங்கள். ஆடிட்டரிடம் ஏற்கெனவே ஒருமுறை நெளிந்தவர் அவர், இந்த வாதம் அவருக்கு உடனே புரியும். அதோடு ஒரு பக்கத்துக்கு இரண்டு பத்தியில் பட்டியல் போட்டு, கம்பெனி இனி எழுதும் தொடர் இது, எழுதாதது இது என்று அவரிடமே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து யார் மேனேஜராக வந்தாலும் சிவப்பு மை அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கட்டும்.

பட்டியல் தயாராக ஒரு வாரம் ஆகலாம். சட்டத்தின் பெயரும் ‘சில்கி’ வரியும் அதுவரை காத்திருக்க முடியாது, அந்த இரண்டையும் நாளைக்கே மாற்றிவிடுங்கள்.